ஒரு ராத்திரி போதும்

எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்கிற ஆசை உள்ளவன் எந்த ஊரில் வேண்டுமானாலும் பிறக்கலாம். காஞ்சிபுரத்தில் மட்டும் பிறக்கக் கூடாது. ஊரைக் குறை சொல்லவில்லை. நல்ல ஊர்தான். தடுக்கி விழுந்தால் கோயில், எழுந்து நின்றால் பட்டுக்கடை. கஷ்டம் என்னவென்றால், இங்கே எனக்கு முன்னால் எழுதிவிட்டுப் போன பெரியவர்கள் ஒருத்தருக்காவது, பின்னால் வருகிற ஏழைபாழைகளைப் பற்றிய நினைப்பே இருந்ததில்லை. கொஞ்சம் நிதானமாக எழுதுவோம், நாளைக்கு ஒருத்தன் மானத்தோடு பிழைக்க வேண்டாமா என்று யாருக்கும் தோன்றவில்லை.

வேதாந்த தேசிகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1268-இல் தூப்புலில் பிறந்தவர். என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். ஸ்ரீரங்கத்தில் இவருக்கும் இன்னொரு புலவருக்கும் போட்டி வந்தது. ஒரே ராத்திரியில் ஆளுக்கு ஆயிரம் பாட்டு. அவர் பெருமாளின் திருவடியைப் பற்றி, இவர் திருவடியில் இருக்கிற பாதுகையைப் பற்றி. எதிராளி விடிய விடிய எழுதி முந்நூறில் நின்றுவிட்டார். நம்மவர் ஒரே யாமத்தில் பாதுகா சகஸ்ரம் 1,008 பாட்டையும் முடித்துவிட்டார் என்பது சம்பிரதாயத்தில் வருகிற கதை. இதை நான் பெருமையாக வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. என் மனைவிக்குக் கணக்கு நன்றாக வரும்.

"யாமம்னா மூணு மணி நேரம். நிமிஷத்துக்கு அஞ்சரைப் பாட்டு ஆவுதுங்க" என்றாள். சொல்லிவிட்டு என் மேஜையைப் பார்த்தாள். மேஜையில், 'மார்கழி மாதத்துக் குளிரில்' என்று ஆரம்பித்து அதோடு நின்றுபோன ஒரு வரி கிடந்தது. அப்போது பங்குனி.

சரி, அவர் மகான், அருள் பெற்றவர், அது வேறு காலம் என்று ஒதுங்கலாம் என்றால், இந்தப் பக்கம் அண்ணா வந்து நிற்கிறார். 1909-இல் இதே ஊரில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அருளைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயம் ஊருக்கே தெரியும். ஆனால் அவரும் ஒரே ராத்திரி! அவருடைய 'ஓர் இரவு' நாடகத்தை 1951-இல் ஏவி.எம். படமாக எடுத்தபோது, முந்நூறு பக்கத்துக்கு மேல் வரும் திரைக்கதையை ஒரே இரவில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார் என்று சினிமாக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். பக்தியும் ஒரே ராத்திரி, பகுத்தறிவும் ஒரே ராத்திரி என்றால் நான் எந்தப் பக்கம் போய் ஒதுங்குவது?

அண்ணாவுக்கும் எனக்கும் ஒற்றுமை இல்லாமல் இல்லை. அவர் கொஞ்ச காலம் காஞ்சிபுரம் நகராட்சியில் கிளார்க் வேலை பார்த்தார். நானும் கிளார்க்தான். அவர் சீக்கிரமே விட்டுவிட்டு ஈரோட்டுப் பக்கம் போய்த் திரும்பி வந்து, 1942-இல் 'திராவிட நாடு' பத்திரிகை ஆரம்பித்து, ஆட்சியையே பிடித்தார். நான் விடாமுயற்சி உள்ளவன். ரிட்டயர் ஆகும்வரை கிளார்க்காகவே இருந்தேன். அவருக்குப் பொடி போடுகிற பழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டு அதையும் ஒருமுறை செய்து பார்த்தேன். எழுத்து வரவில்லை. தும்மல் வந்தது. மேஜையில் இருந்த அந்த ஒரு வரியும் பறந்துபோய்த் தண்ணீர்க் குடத்தில் விழுந்தது.

ராத்திரி எழுதுகிறவர்களை விடுங்கள், பகலில் எழுதியவர் கதை இன்னும் மோசம். குமரகோட்டம் முருகன் கோயிலில் பூஜை செய்துகொண்டிருந்த கச்சியப்ப சிவாச்சாரியார் ஒரு நாளைக்கு நூறு பாட்டு வீதம் கந்தபுராணம் எழுதினார். 10,345 பாட்டு. வேலையும் பார்த்துக்கொண்டு, எழுதவும் எழுதினார் என்பதைக் கவனியுங்கள். என் மனைவி கவனித்துவிட்டாள். சாயங்காலம் அன்றைய நூறு பாட்டைச் சந்நிதியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார். ராத்திரி முருகனே திருத்தி வைப்பான். அப்படித் திருத்தி முடித்த நூலை அரங்கேற்றிய அன்றைக்கு, முதல் பாட்டின் முதல் சொல்லிலேயே புணர்ச்சி தப்பு என்று கூட்டத்தில் ஒருத்தர் எழுந்து நின்றுவிட்டார். கச்சியப்பர் வாயடைத்துப் போனார். மறுநாள் சோழநாட்டுப் புலவர் வேஷத்தில் முருகனே வந்து, வீரசோழியம் என்கிற இலக்கண நூலைப் புரட்டி, இதோ இந்த விதிப்படி சரி என்று காட்டிவிட்டுப் போனானாம். கடவுளே எழுதித் திருத்திக் கொடுத்தாலும் முதல் சொல்லில் பிழை கண்டுபிடிக்கிற ஒருத்தர் எங்கள் ஊரில் இருப்பார் என்பதுதான் இந்தக் கதையில் நான் முழுசாக நம்புகிற பகுதி. அந்த அரங்கேற்ற மண்டபம் இன்றும் குமரகோட்டத்தில் இருக்கிறது. பிழை கண்டுபிடித்தவருடைய வாரிசுகளும் ஊரில் நிறையவே இருக்கிறார்கள். என் கட்டுரை வந்தால் காலையில் டீக்கடையில் பார்க்கலாம்.

நானும் ஒரு கிருத்திகையன்று கட்டுரையை எடுத்துக்கொண்டு முருகனிடம் போனேன். அர்ச்சனைத் தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, நடுவில் நாலாக மடித்த என் தாள்கள். குருக்கள் பார்த்தார்.

"ஜாதகமா?"

"இல்லை சாமி, கட்டுரை."

"யார் பேருக்கு அர்ச்சனை?"

கட்டுரையின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. அவர் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார். "நட்சத்திரம்?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆரம்பித்த நாளா, முடித்த நாளா, ஆசிரியர் திருப்பி அனுப்பின நாளா, எதை வைத்துச் சொல்வது? "சுவாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றேன். பின்னால் நின்ற வரிசை பெருமூச்சு விட்டது.

தட்டு திரும்பி வந்தது. உடைத்த தேங்காய் மூடியைத் தாள்களுக்கு மேலேயே வைத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால், முருகன் ஒரு எழுத்தும் திருத்தவில்லை. தேங்காய்த் தண்ணீர் இறங்கி நடுப்பக்கத்தில் இரண்டு பாரா சுத்தமாக அழிந்திருந்தது. அவை என்னவென்று ஞாபகம் வரவில்லை. போகட்டும் என்று அப்படியே நகலெடுத்து அனுப்பினேன். ஆசிரியர் போன் செய்தார். "இந்தத் தடவை நல்லாச் சுருக்கமா வந்திருக்கு சார்!"

நகைச்சுவை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இங்கே இன்னொரு வேரும் உண்டு. இது ரொம்ப ஆழமான வேர். யாராவது என்னைக் கேவலமாகப் பார்க்கிறபோது இதைத்தான் பிடித்துக்கொள்வேன். ஏழாம் நூற்றாண்டில் இந்த ஊரை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், குகைக்கோயில் குடைந்த நேரம் போக, 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று ஒரு நகைச்சுவை நாடகம் வடமொழியில் எழுதினான். கதை நடப்பதே காஞ்சித் தெருவில்தான். ஒரு காபாலிகன், கூட ஒரு பெண், இரண்டு பேரும் நல்ல போதை. பிச்சை வாங்குகிற கபாலத்தைக் காணோம். எதிரில் வந்த புத்த பிக்குவைப் பிடித்து, நீதான் எடுத்தாய் என்று சண்டை. ஊர் கூடுகிறது, பஞ்சாயத்து, தத்துவம், தர்க்கம். கடைசியில் பார்த்தால் கபாலத்தில் இருந்த கறிக்காக அதை ஒரு நாய் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. 1,400 வருஷம் ஆகிறது. எங்கள் தெருவில் பால் பாக்கெட் காணாமல் போனால் இன்றைக்கும் இதே வரிசையில்தான் எல்லாம் நடக்கிறது. முதலில் எதிர்வீட்டுக்காரரோடு சண்டை, பிறகு தத்துவம், கடைசியில் நாய்.

மகேந்திரவர்மன் எழுதினதைப் படித்துவிட்டு யாரும் "சுமார்" என்று சொல்லியிருக்க முடியாது, ராஜா. ஆனால் ஒரு விஷயத்தில் அவன் எங்கள் ஆள். சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி படையெடுத்து வந்தபோது, கிளம்பிய புழுதியில் பல்லவன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் மறைந்துபோனான் என்று 634-ஆம் வருஷத்து ஐஹொளே கல்வெட்டு கேலி செய்கிறது. எதிரி கல்லிலே வெட்டி வைத்த நக்கல். அதைப் படித்ததிலிருந்து எனக்கு அவன்மேல் பிரியம் அதிகமாகிவிட்டது. நகைச்சுவை எழுதுகிறவன் சொந்த வீட்டிலேயே சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது என்பது அப்போதே ஆரம்பித்துவிட்டது.

சொந்த ஊரில் அடிபட்டது மகேந்திரவர்மன் மட்டும் இல்லை. அண்ணா 1957-இல் இதே காஞ்சிபுரத்தில் நின்று ஜெயித்தார். 1962-இல் அவர் கட்சி பதினைந்திலிருந்து ஐம்பது இடத்துக்கு வளர்ந்தது. ஆனால் தலைவர் சொந்த ஊரில் ஒரு பஸ் முதலாளியிடம் தோற்றுப்போனார். நான் பிறப்பதற்கு முந்தின வருஷம். என் அப்பா யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று அம்மா கேட்டுப் பார்த்திருக்கிறாள். "தறி ஓட்டுறவன் கிட்ட ஓட்டு பத்திப் பேசாதே, நூல் அறுந்துடும்" என்றாராம். கடைசிவரை சொல்லவேயில்லை. ஐந்தே வருஷத்தில் அண்ணா முதலமைச்சராகி வந்துவிட்டார். மகேந்திரவர்மனுக்குப் பையன் இருந்தான். அந்த நரசிம்மவர்மன் 642-இல் புலிகேசியின் வாதாபிக்கே போய்க் கணக்கைத் தீர்த்துவிட்டு வந்தான். எனக்கும் பையன் இருக்கிறான். ஓரகடத்துக்குப் போய்விட்டு வருகிறான். கம்பெனி பஸ்ஸில்.

வீட்டில் மரியாதை குறைந்துபோய், இனிமேல் இந்த ஊரிலேயே இருக்கக் கூடாது என்று நான் முடிவெடுக்கிற நாட்களும் உண்டு. அதற்கும் இங்கே முன்னுதாரணம் இருக்கிறது. திருமழிசை ஆழ்வாருடைய சீடர் கணிகண்ணன். ராஜா தன்னைப் பாடச் சொன்னான்; மனிதனைப் பாட மாட்டேன் என்றார். ஊரை விட்டுப் போ என்றான். சீடர் கிளம்ப, குரு கிளம்பினார். கிளம்புகிறபோது திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாளிடம், நீயும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பு என்றார். பெருமாள் சுருட்டினார்! மூன்று பேரும் போய் ஒரு ராத்திரி தங்கின இடம்தான் இன்றைய ஓரிக்கை என்கிறார்கள். (இங்கேயும் ஒரே ராத்திரி, பாருங்கள்.) ஊர் இருண்டு போய், ராஜா ஓடி வந்து காலில் விழுந்து, எல்லோரும் திரும்பி வந்தார்கள். அதனால் திருவெஃகாவில் பெருமாளுக்குப் பெயரே சொன்னவண்ணம் செய்த பெருமாள்.

நானும் போன ஆடியில் ஒரு ராத்திரி பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்து, "நான் கிளம்பறேன்" என்று உரக்கச் சொன்னேன். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "போற வழியில கேஸுக்கு புக் பண்ணிட்டுப் போங்க." அம்மா அதற்கும் மேல். "டேய், அது என் பாய்." படுக்கையை வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். சொன்னவண்ணம் செய்தேன்.

நான் எழுத்துக்கு வந்த வழியைப் பற்றிப் பேட்டியில் யாராவது கேட்டால் சொல்வதற்கென்று நல்ல பதில் ஒன்று தயாராக வைத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. ஆகவே உண்மையையே சொல்லிவிடலாம்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையம். அப்பா குழித்தறியில் கோர்வை நெய்தவர். பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று பார்க்கிறீர்களே, அந்த இரண்டையும் அச்சடித்ததுபோல ஒரே கோட்டில் பிடித்து வைப்பதுதான் கோர்வை. ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகிற நாடா ஒன்று போதாது, மூன்று வேண்டும். உடம்புக்கு ஒன்று, இந்தக் கரைக்கு ஒன்று, அந்தக் கரைக்கு ஒன்று. ஒரு ஆளுக்கு மூன்று கை கிடையாது என்பதால் பக்கத்தில் ஒரு பையனை உட்கார வைப்பார்கள். அப்பா குழிக்குள் காலை விட்டு மிதிப்பார், நாடா இந்தப் பக்கம் வரும். எதிர்க்கரை நாடாவைப் பையன் உள்ளே விட வேண்டும். உடம்பு ஊடையும் கரை ஊடையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றோடு ஒன்று கொக்கி போட்டுக்கொள்ளும். பலகையை இழுத்து அடிப்பார். மறுபடி மிதி, மறுபடி நாடா. முந்தானைக்கு வேறு நிறம் என்றால், அந்த இடத்தில் நீளவாக்கில் ஓடுகிற பாவையே மாற்றி, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் முறுக்கிச் சேர்க்க வேண்டும், பெட்னி என்பார்கள். அன்றைக்கு வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட மாட்டோம்.

அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் பையன்கள்தான் கரைக்கு உட்கார்ந்தார்கள். இப்போது கூடாது, சட்டம் இருக்கிறது, நல்லதுதான். என் விஷயத்தில் சட்டத்துக்கு முன்னாலேயே அப்பா முடிவெடுத்துவிட்டார். என் தொடைக்கு அடியில் எப்போதும் ஒரு அம்புலிமாமா இருக்கும். விக்கிரமாதித்தன் முருங்கை மரத்தில் ஏறுகிற நேரமாகப் பார்த்து எதிர்க்கரை நாடா என்னிடம் வரும். வேதாளம் பேசி முடிப்பதற்குள் நாலு ஊடை தப்பியிருக்கும். அப்பா கண்ணால் பார்க்க மாட்டார். நெய்த துணியின்மேல் பெருவிரலை ஓட்டுவார். விரல் ஒரு இடத்தில் நிற்கும். அந்த இடத்தில், உடம்புக்கும் கரைக்கும் நடுவில் அரிசி நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. ஒன்றும் பேசாமல் நெய்ததையெல்லாம் ஊடை ஊடையாகப் பிரிப்பார். நெய்வதைவிடப் பிரிப்பதற்கு நேரம் ஆகும். ஒரு நாள் பிரித்து முடித்துவிட்டு, திட்டாமல், நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீ படிக்கவே போடா." தெருவில் மற்றப் பிள்ளைகள் மார்க் எடுத்துப் படிக்கப் போனார்கள். நான் கரை தப்பிப் படிக்கப் போனேன்.

முதல் கதை அச்சில் வந்ததும் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் படிக்கவில்லை. தாளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தடவிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "நெருக்கமாத்தான் இருக்குது" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. "கூலி எவ்வளோ?" என்றார். கூலி இல்லை, ஒரு பிரதி அனுப்புவார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "நூலு அவங்களுதா, உன்னுதா?" நூல் என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டேன். பத்திரிகையை மடித்துக் கொடுத்துவிட்டு, அம்மாவிடம் போய், "இவனை யாரோ நல்லா ஏமாத்துறாங்க" என்று கவலையாகச் சொன்னாராம்.

இப்போது எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா பையன் தறி போட்டிருக்கிறான். கோர்வை நெய்கிற ஆட்கள் ஊரில் குறைந்துபோனார்கள். விசைத்தறி வந்துவிட்டது, இளசுகள் ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று போய்விட்டார்கள், ஜரிகை விலை வெள்ளியோடு சேர்ந்து ஏறுகிறது. இவன் விடவில்லை. எதிர்க்கரைக்கு இவன் மனைவி உட்காருகிறாள். கோர்வைக்குப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தில் ஒத்துப்போக வேண்டும், அதுவும் நாளெல்லாம். எங்கள் வீட்டில் அதற்கு வாய்ப்பில்லை என்பதாலும் நான் எழுத்தாளன்.

ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தால் குழியில் தண்ணீர் ஊறும், பாவு நமுத்துப்போகும், தறி நிற்கும். அப்போது திண்ணைக்கு வருவான். "மழைக்குத் தறி ஓடலண்ணா" என்பான். "எனக்கும் மழைக்கு எழுத்து ஓடலப்பா" என்பேன். "வெயிலுக்கும் ஓடலியேண்ணா" என்பான். கிண்டல் இல்லை, நிஜமான விசாரம்.

வெளியூர்க்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது. காஞ்சிபுரம் என்று சொன்ன அடுத்த நிமிஷம், "தெரிஞ்ச தறிக்காரர் யாராவது இருக்காங்களா, கொஞ்சம் கம்மியா?" என்பார்கள். ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி மகள் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்கப் போன தையில் கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கத் தம்பி நெய்த சேலைகளைக் காட்டினேன். மூன்றே மூன்று, ஒரு பாவில் அவ்வளவுதான் வரும். "கடையில நூறு பார்த்தாத்தான் திருப்தியா இருக்கும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு காந்தி ரோடு கிளம்பினாள். இறங்கியதும் தரகர் ஒருவர் என் பக்கத்தில் வந்து, "ஆயியே சாப், பியூர் சில்க்" என்றார். அறுபது வருஷம் இதே ஊரில் தண்ணீர் குடித்தவன். "நான் பிள்ளையார்பாளையம்பா" என்றேன். "ஓ, தமிழா!" என்று சந்தோஷப்பட்டார்.

கடையில் மெத்தையில் உட்கார்ந்து, நான் சும்மா இல்லாமல், அசல் ஜரிகைக்கு உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கும், சுரண்டினால் தெரியும், மேலே பூசின தங்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, 2005-இலேயே காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வந்துவிட்டது என்று அக்காவுக்குப் பாடம் எடுத்தேன். விளக்கத்துக்காக ஒரு கரையை நகத்தால் சுரண்டியும் காட்டினேன். சிவப்பு தெரிந்தது. கடைக்காரர் கண்ணிலும் தெரிந்தது. அந்தச் சேலையை அக்கா வாங்கிக்கொள்ளும்படி ஆயிற்று.

அன்றைக்கு ராத்திரி எல்லோருமாக 'காஞ்சிவரம்' படம் பார்த்தோம். பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். மகளைப் பட்டுடுத்திக் கல்யாணம் செய்து அனுப்புவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்ட நெசவாளி, தினமும் வாய்க்குள் ஒளித்துக் கொஞ்சம் பட்டு நூல் கொண்டுவருவான். அக்கா அழுதாள். என் மனைவி அழவில்லை. தம்பி மனைவியும் வந்து கீழே உட்கார்ந்து பார்த்தாள், நைலெக்ஸ் புடவையில். படம் முடிந்ததும், "வாயில வெச்சா நூலு ஈரமாயிடுமே, சாயம் போவாதா?" என்று கேட்டாள். யாருக்கும் பதில் தெரியவில்லை.

விருந்தாளி என்றால் 2019-ஐச் சொல்லாமல் விட முடியாது. அத்தி வரதர் நாற்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வருவார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். முதல் 31 நாள் சயனம், பிறகு நின்ற கோலம். ஒரு கோடிப் பேர் வந்ததாகச் சொன்னார்கள்; எங்கள் வீட்டில் தங்காதவர்களையும் சேர்த்து. என் கல்யாணத்துக்கு வராதவர்கள் வந்தார்கள். கடன் வாங்கிக்கொண்டு பேச்சை நிறுத்தினவர்கள், கணீரென்று "மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் காலையில் காஞ்சிபுரம் இட்லி வேண்டும். அது கோயில் பிரசாதம். மூங்கில் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி, மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் போட்டு மணிக்கணக்கில் ஆவியில் வேக வைப்பது. என் மனைவி ஆரணிக்காரி. "எங்க ஊர்ல இட்லின்னா இட்லிதான்" என்று உப்புமா கிண்டிவிட்டாள்.

கடைசியில் நாங்களும் வரிசையில் நின்று போனோம். கண் கொட்டுகிற நேரம்தான் சந்நிதியில் நிற்க விட்டார்கள். அதிலும் பாதி நேரம் எனக்கு முன்னால் நின்றவருடைய பிடரிதான் தெரிந்தது. தம்பி நன்றாகப் பார்த்திருந்தான். ஆனால் வெளியே வந்து அவன் சொன்னது பெருமாளைப் பற்றி இல்லை. தினம் ஒரு நிறத்தில் பட்டு சாத்துவார்கள், "இன்னிக்கு சாத்தினது கோர்வைக் கரைதாண்ணா, கையால போட்டது, சந்தே இல்ல!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். 1979-இலாவது நீங்கள் சரியாகப் பார்த்தீர்களா என்று மனைவி கேட்டாள். அப்போது எனக்குப் பதினாறு வயசு. வரிசையில் முன்னால் ஒரு பச்சைத் தாவணி போய்க்கொண்டிருந்தது. பெருமாளைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் பெருமாள் ஞாபகம் வந்தது. இதை எப்படி வீட்டில் சொல்வது? "கூட்டம்" என்றேன். அடுத்தது 2059. அம்மா போய்ப் பார்க்கத் தயாராக இருக்கிறாள்.

இந்தக் கட்டுரை பாதியில் நின்றிருந்த போன வாரம், தம்பி சுவர் ஓரம் வந்து நின்றான். அவன் மனைவி பெரிய பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருக்கிறாள், எதிர்க்கரைக்கு ஆள் இல்லை, சேலை பாதியில் நிற்கிறது, முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டியது. யாரையாவது தெரியுமா என்றான்.

எனக்கு என்ன வேகம் வந்ததோ தெரியவில்லை. "நான் உட்கார்றேன்" என்றேன்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அம்மா, "வேணாண்டா, அவன் சின்ன வயசுலயே..." என்று ஆரம்பித்தாள். நான் அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். நல்ல மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. அவன் மிதித்தான். நாடா வந்தது. விட்டேன். கொக்கி விழுந்தது, அவன் பலகையை இழுத்து அடித்தான். மறுபடி வந்தது, மறுபடி விட்டேன். தொடைக்கு அடியில் அம்புலிமாமா இல்லை. கை பழகின மாதிரி ஓடியது. வம்சத்தில் இருப்பது எங்கே போகும் என்று நினைத்தேன். இதையே கட்டுரையின் நடுவில் வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அப்பாவிலிருந்து ஆரம்பிக்கலாமா, மகேந்திரவர்மனிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று நினைத்தேன்.

தறிச் சத்தம் நின்றிருந்தது. தம்பி துணியின்மேல் பெருவிரலை ஓட்டிக்கொண்டிருந்தான். விரல் ஒரு இடத்தில் நின்றது. அவன் என்னைவிட வயசில் சின்னவன். மரியாதை தெரிந்த பிள்ளை. நிமிர்ந்து பார்த்து, ரொம்பப் பணிவாகக் கேட்டான்.

"அண்ணா, வீட்டுல எழுத வேண்டிய வேலை ஏதோ இருக்குதுன்னீங்களே?"